சுவர்மேல் வைத்த கும்பா

ஆகஸ்ட் 3

பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி அரை. போட்டதும் எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டர் பொண்ணு சொல்லி இந்த டைரியையும் கொடுத்தாள். ஏதோ மருந்துக் கம்பெனி டைரி. மாத்திரைக் கணக்குக்காக இவ்வளவு வழுவழுப்பான தாளை வீணாக்க எனக்கு மனசில்லை. அதனால் மற்றதையும் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் செங்கால்துறையில் என் கையெழுத்துக்கு ஈடு கிடையாது. மடத்துச் சிஸ்டர் அந்தக் காலத்தில் என் சிலேட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டுவார். பேரன் ரோஷன் கப்பலில் இன்ஜினியர். நான் எழுதும் கடிதத்தைக் கூட இருக்கிற பையன்களும் வாங்கிப் படிக்கிறார்களாம்.

டாக்டருக்கு இளவேனில் என்று பெயர். தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளை. இன்று வீடு தேடி வந்தாள். மாத்திரை விசாரிக்க வந்தாள் என்று நினைத்தேன். அதற்கில்லை. 1969-இல் நம்ம ஊரில் வந்ததே தூக்க நோய், அது எதனால் வந்தது என்று மேல்படிப்புக்கு ஆராய்ச்சி பண்ணுகிறாளாம். சர்க்கார் அன்றைக்கே காலரா என்று எழுதி மூடிவிட்டது. காலரா இல்லை என்கிறாள் இவள். காலராவில் வாய் எரியாது, நாக்கு வெந்து போகாது, மனுஷன் தூங்கித் தூங்கிச் சாகமாட்டான் என்கிறாள். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு, பார்த்த எங்களுக்குத் தெரியாதா. பதினேழு பேரை அடக்கினோம். பாதிக்குமேல் சின்னப் பிள்ளைகள், அதில் நாலு பால் குடிக்கிற பிள்ளைகள்.

அந்தக் கதை கேட்க யார் வந்தாலும் ஊரில் என் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். சொன்னேன். கடலோரத் தெருவில் வீட்டுக்கு வீடு விழுந்துகொண்டிருந்தபோது என் மூன்று மாதப் பெண்குழந்தையை மாதா கெபியின் கல்குகைக்கு முன்னால் மணலில் கிடத்தி, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்து, எடுத்துக்கோ அல்லது கொடுத்துவிடு என்று கேட்டேன். எல்லோரும் தின்னதைத்தான் நானும் தின்னேன், எல்லோரும் குடித்த தண்ணீர்தான் நானும் குடித்தேன். மற்ற வீட்டில் பிள்ளைகள் போயின. என் வீட்டில் இருந்தது. அதனால்தான் அவளுக்கு அற்புதம் என்று பெயர். அதனால்தான் இன்றைக்கும் திருவிழாச் சப்பரம் முதலில் என் வாசலில் நிற்கிறது, முதல் மாலை என் கையால் போகிறது.

டாக்டர் செல்போனில் பதிவு பண்ணிக்கொண்டாள். அற்புதம் காப்பி கொண்டுவந்தபோது, இவங்கதானா அந்தக் குழந்தை என்று எழுந்து நின்று பார்த்தாள். ஐம்பத்துநாலு வயசுப் பொம்பளை வெட்கப்பட்டாள்.

ஆகஸ்ட் 5

மாத்திரை போட்டேன். மழை தூறியதால் காயப்போட்ட சாளை மீனை எடுத்து உள்ளே பரப்பினேன். வீடெல்லாம் நாற்றம்.

ஆகஸ்ட் 9

டாக்டர் பெரிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தாள். நம்ம தெருவை வீடு வீடாக வரைந்திருக்கிறாள். சாவு விழுந்த வீட்டில் சிவப்பு வட்டம். வட்டமெல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்து கிடக்கிறது. எல்லாம் என் வீட்டுக்காரர் கயித்தானுடைய போட்டில் போன ஆட்களின் வீடு. கிணறு எல்லோருக்கும் ஒன்றுதான், அப்புறம் ஏன் இந்த வீடுகள் மட்டும் என்று கேட்கிறாள். கெட்டிக்காரிதான்.

நோய்க்கு முந்தின திருவிழாக் கொடியேற்றத்தன்று என்ன சமைத்தார்கள் என்று தெருவெல்லாம் கேட்டிருக்கிறாள். சோறு, மீன் என்றே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சூசைமரியான்தான் வாயை விட்டுவிட்டான். அவனும் எங்கள் போட்டில் போனவன், இப்போது கண் தெரியாமல் கட்டிலில் கிடக்கிறான். அன்றைக்கு வலையில் ஓர் அழுங்காமை ஏறியதையும், அதை அறுத்துப் பங்கு வைத்ததையும் சொல்லிவிட்டான். ஆமை என்று இப்போது வாயைத் திறந்தாலே ஃபாரஸ்ட்காரன் ஜீப்பில் வந்து நிற்பான். அந்தப் பயத்தில்தான் மற்றவர்கள் சொல்லவில்லை. அவன் கண் தெரியாதவன், ஜீப்பும் அவனுக்குத் தெரியாது.

அழுங்காமை சில சமயம் விஷமாக இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே தெரியும். அறுத்ததும் ஈரலைக் கரையில் காக்கைக்குப் போடுவார்கள். காக்கை தொட்டால் தின்னலாம். தொடாவிட்டால் ஆமையைக் கடலுக்கே கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு ஈரலைக் கல்லின்மேல் வைத்தவர் என் வீட்டுக்காரர். திரும்பி வந்து பார்த்தபோது ஈரல் இல்லை. காக்கா தின்னுட்டு என்றார். அதற்கப்புறம்தான் என் மாமியார் பெரிய அண்டாவில் கறி ஏற்றினாள்.

டாக்டர் என்னிடம், நீங்களும் சாப்பிட்டீங்களா பாட்டி என்று கேட்டாள்.

“அதே அண்டாக் கறிதான். எல்லாரும் தின்னதத்தான் நானும் தின்னேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வேறு எதையோ பேசிவிட்டு மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். காப்பி குடிக்கிறியா தாயி என்று எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 10

நேற்றுச் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்வதுதான்.

ஆகஸ்ட் 16

நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள். ஒரு மணிநேரப் பூசை. முட்டு வலி.

இன்று டாக்டர் வந்தாள். முகம் வாடியிருந்தது. அவளுக்குக் கிட்டத்தட்டப் பிடிபட்டுவிட்டது. அந்த ஆமை கடலில் எதையோ தின்று, அதன் கறியே விஷமாகியிருந்திருக்கிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாத விஷம். பெரியவர்களில் சிலர் தாங்கிக்கொள்வார்களாம். ஆனால் தாய் தின்றால் பாலில் இறங்கிவிடும். அதனால்தான் பல் முளைக்காத பிள்ளைகள் செத்திருக்கின்றன. ஒட்டுவாரொட்டி என்று ஊர் பயந்ததும் அதனால்தான், தின்னாத பிள்ளைக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை.

காலி டம்ளரை எடுத்து முந்தானையால் துடைத்தேன்.

ஆனால் நீங்கதான் பாட்டி இடிக்கிறீங்க என்றாள். அந்தத் தெருவில் அன்றைக்குப் பால் கொடுத்த தாய்மார் ஐந்து பேர். ஐந்து பேரும் கறி தின்றார்கள். நாலு பிள்ளைகள் போயின, ஒன்று இருந்தது. இந்த ஒரு வீட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு வா என்று அவளுடைய புரொபசர் திருப்பி அனுப்பிவிட்டாராம். பதில் இல்லாவிட்டால், காரணம் தெரியவில்லை என்றுதான் முடிக்க வேண்டுமாம்.

மாதா என்றேன். புரொபசர் அதை ஒத்துக்கமாட்டார் என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அப்புறம் ஒன்று சொன்னாள். அந்த ஐந்து தாய்மாரில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது சலேத்தம்மாள் மட்டும்தானாம். தூத்துக்குடியில் மடத்து முதியோர் இல்லத்தில் இருக்கிறாளாம். போன வாரம் போய்ப் பார்த்தாளாம். நெஞ்சில் நீர், ரொம்ப நாள் தாங்காதாம்.

“அவங்க என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. டாக்டரம்மா, என் பால்ல என்ன இருந்துச்சுன்னு. அவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும் பாட்டி. தெரியலன்னு போய்ச் சொல்ல எனக்கு முடியல.”

சலேத்து என் ஓர்ப்படியாள். கொழுந்தன் தமியானுடைய பெண்டாட்டி. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்றுதான். அந்த நோயில் தமியான் போனான், மாமியார் போனாள், சலேத்தின் ஆண்குழந்தை போனது. சேவியர் என்று பெயர், நாற்பது நாள் பிள்ளை. ஒரே அண்டாக் கறி, ஒரே கிணறு, அங்கே செத்தது, இங்கே பிழைத்தது. அப்படியானால் அவள் பாலில்தான் நஞ்சு என்று ஊர் பேசியது. பால்நஞ்சுக்காரி என்று பெயர் வைத்தார்கள். அவள் தொட்ட குழந்தையைக் கழுவி எடுத்தார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவளுடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் ஒரு வார்த்தையும் அவளைப் பேசவில்லை. ஆண்டவர் அறிவார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆகஸ்ட் 18

மாதாவுக்கு இந்த வருஷத்து முக்காட்டுக்கு ஜரிகை தைக்கிறேன். ஊசி கோர்க்க அற்புதத்தைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. சலேத்து என்றால் யார் அம்மா, எனக்கு ஒரு சித்தி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். அதற்குமேல் கேட்காமல் ஊசியைக் கொடுத்தாள்.

பழைய காரியங்கள் வருகின்றன. எழுதி வைத்தால் போகுமா என்று பார்க்கிறேன்.

ஆமையில் நெஞ்சுப் பங்குதான் மரியாதைப் பங்கு. கொழுப்போடு இருக்கும். அது போட்டுக்காரன் வீட்டுக்கு வரவேண்டும். போட்டு என் வீட்டுக்காரருடையது. அன்றைக்கு மாமியார் நெஞ்சுப் பங்கைச் சலேத்துக்குக் கொடுத்தனுப்பினாள், அவள் ஆண்பிள்ளை பெற்றவளாம். எனக்கு ஒரு கும்பாவில் கழுத்துத் துண்டு. கொண்டுவந்த பெண்ணிடம் மாமியார் சொல்லி அனுப்பியதும் என் காதில் விழுந்தது: பொட்டப்புள்ள பெத்தவளுக்கு இது போதும்.

நீலக் கரை போட்ட கும்பா. அதைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான் கொரைரா என்கிற பெரிய குடும்பத்துப் பெண். கழுத்துத் துண்டு தின்னப் பிறந்தவள் இல்லை.

சாயங்காலம் பார்த்தேன். கறி இல்லை. கும்பா கவிழ்ந்திருந்தது. பூனையாக இருக்கும்.

ஆகஸ்ட் 19

சனிக்கிழமை. பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். குழாயடியில் பிலோமினாளை ஏசியதைச் சொன்னேன். பூசையில் தூங்கியதைச் சொன்னேன். வேறு என்ன என்று சாமி கேட்டார். ஞாபகம் வரவில்லை சாமி என்றேன். ஞாபகம் வராததும் மன்னிக்கப்படும் என்றார்.

என் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. நான் முதலில் யாரிடமும் கறி தின்னதாகச் சொல்லவே இல்லை. பழைய பங்குச் சாமியார்தான் பிரசங்கத்தில் சொன்னார், ஒரே பானையில் உண்டும் மாதா இந்த வீட்டைக் காத்தாள் என்று. கோவிலில் அவ்வளவு சனம் திரும்பி என்னைப் பார்த்தது. அத்தனை சாவுக்கு நடுவில் அந்தச் சனத்துக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. பிரசங்கத்துக்கு நடுவில் எழுந்து இல்லை சாமி என்று சொல்ல நான் யார்? அடுத்த வருஷம் சப்பரம் நின்றது. அதற்கடுத்த வருஷம் நானே சொல்ல ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 23

மாத்திரை மறந்துபோனேன். பிலோமினாளுக்குச் சாளைக் கருவாடு கொடுத்தனுப்பினேன்.

ஆகஸ்ட் 27

ஜரிகை தீர்ந்துவிட்டது, தூத்துக்குடி போகிறேன் என்று அற்புதத்திடம் சொன்னேன். கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். ஜரிகையும் வாங்கினேன். அது பொய்யில்லை.

இல்லத்தில் கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் சலேத்தை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. எழும்பப் பார்த்தாள், மூச்சு வாங்கியது. உட்காரு என்றேன். விரல்களெல்லாம் கோணி இருக்கின்றன. இறால் கம்பெனியில் முப்பது வருஷம் ஐஸுக்குள் கைவிட்டு இறால் உரித்தாளாம். தூத்துக்குடியில் யாருக்கும் அவள் கதை தெரியாதாம். அதனால் நிம்மதியாக இருந்தாளாம்.

அற்புதத்தைக் கேட்டாள், ரோஷனைக் கேட்டாள். கப்பலா, அம்மாடி என்றாள். நானும் சொன்னேன், சம்பளம் உட்பட. என் வாய் அப்படி.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீ வரமாட்டியான்னு பாத்துக்கிட்டுதான் கெடந்தேன். சாகுமுன்ன உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொடியேத்தத்தன்னைக்கு உன் சொவத்து மேல ஒரு கும்பா இருந்துச்சுல்லா. அதுல இருந்த கறிய நாந்தான் எடுத்துத் தின்னேன்.”

கையை விடாமலே மேலும் சொன்னாள்.

“எனக்கு வந்ததத் தின்னும் பசி அடங்கல. பால் குடிக்கிற புள்ள உறிஞ்சுன உறிஞ்சுல வயிறு காந்திக்கிட்டே கெடந்துச்சு. ஆறட்டும்னு வச்சிருக்கா, ஒரு துண்டு எடுத்தா தெரியவா போவுதுன்னு கைய வச்சேன். முழுசும் போயிட்டு. உங்கிட்டச் சொல்ல வெக்கம். கும்பாவக் கழுவிக் கவுத்து வச்சிட்டு வந்துட்டேன். நாலாம் நாள் புள்ள கண்ணத் தொறக்கல. திருடித் தின்ன பாலுல்லா அது. ஊரு சொன்னது சரிதான்க்கா, நஞ்சுதான். ஆனா எதனால நஞ்சாச்சுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். டாக்டரம்மாகிட்டச் சும்மா கேட்டுப் பாத்தேன், வேற எதுவும் காரணம் இருக்குமான்னு.”

அதில் ஒரு துண்டைக்கூட நான் தின்ன நினைக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் வேண்டாம் என்று வீசினதைத்தான் நீ எடுத்தாய் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“போவட்டும் விடு. நான் மன்னிச்சிட்டேன்” என்றேன்.

அவள் என் கையில் முத்தம் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 28

மாத்திரை போட்டேன்.

மன்னித்தேன் என்று சொன்னேனே. மன்னிக்க நான் யார்?

ஆகஸ்ட் 30

கொடியேற்றம். காலையில் கோவில் முன்னால் வேட்டுப் போட்டார்கள். வருஷா வருஷம் போடுகிற வேட்டுதான், காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அற்புதம் மேலே பார்த்து, பாவம் இந்தக் காக்காயெல்லாம் போச்சு, இனி பொழுது சாயத்தான் வரும் என்றாள்.

நானும் மேலே பார்த்தேன். தென்னையில், கோபுரத்தில், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின்மேல், எங்குமே ஒரு காக்கை இல்லை.

அன்றைக்கும் கொடியேற்றம்தான். அன்றைக்கும் காலையில் வேட்டுப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் போட்டு கரை பிடித்தது, அதற்கப்புறம்தான் ஆமையை அறுத்தார்கள். ஈரலை வைத்த கல் அலை ஏறுகிற கல். என் வீட்டுக்காரர் கல் வெறுமையாக இருந்ததைத்தான் பார்த்தார். காக்கையை அவர் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. ஊரில் காக்கையே இல்லாத ஒரு நாளில் காக்கை தின்றது என்று நம்பி அண்டாவை ஏற்றினோம்.

அவரும் தின்றார். இரண்டு நாள் தூங்கி எழுந்தார். அதற்கப்புறம் சாகும்வரை எந்தத் திருவிழாவிலும் வேட்டுப் போடுகிற இடத்துக்கு அவர் வந்ததில்லை. வெடிச்சத்தம் ஆகாது என்பார். கடலில் இடிக்குப் பயப்படாத மனுஷன்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இரண்டு மூலையில் ஆளுக்கொரு ரகசியத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 31

பூனை கும்பாவைக் கழுவாது. கழுவிக் கவிழ்த்து வைக்காது. இது எனக்கு அன்று சாயங்காலமே தெரியும்.

செப்டம்பர் 1

டாக்டரை வரச்சொன்னேன். முட்டு வலி என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். வந்ததும் அந்தத் தாளை எடு என்றேன்.

நான் கறி தின்னவில்லை என்றேன். கழுத்துத் துண்டு என்று கோபித்துச் சுவர்மேல் வைத்ததையும், சலேத்து இரண்டு பங்கும் தின்றதையும், வேட்டையும் காக்கையையும், ஒன்று விடாமல் சொன்னேன். இந்தத் தடவை அவள் செல்போனை எடுக்கவில்லை. நான்தான் எடு, பதிஞ்சுக்கோ என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். “ரெண்டு தடவை கேட்டேனே பாட்டி” என்று மட்டும் சொன்னாள். பிறகு என் வீட்டுக்கு நேராக ஏதோ குறித்தாள். ஐந்து தாய்மாரில் தின்றவர்கள் நாலு, பிள்ளை போனதும் நாலு, எல்லாம் பொருந்திவிட்டது என்றாள். குரலில் சந்தோஷமில்லை.

சலேத்தம்மாளிடம் நான் போய்ச் சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம், அது என் வேலை என்றேன்.

அடுக்களை வாசலில் அற்புதம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. டாக்டரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

“அப்ப என் பேர என்ன செய்யிறது?”

அவளுக்கு என்ன சொல்ல. சங்கிலி வைத்தது உண்மை, மணலில் கிடத்தினது உண்மை, நீ பிழைத்தது உண்மை என்றேன். அது தெரியும்மா என்றாள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தால்கூட இவள் திருப்பி அடிக்கமாட்டாள், மாதா காப்பாற்றின பிள்ளை அடிக்கக்கூடாது என்று. இப்போதுதான் சொல்கிறாள் அதை.

ராத்திரிச் சோறு பிசைந்து என் பக்கம் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 3

பூசை முடிந்ததும் சாமியிடமும் விழாக் கமிட்டி ஜெரால்டிடமும் சொன்னேன். இந்த வருஷம் சப்பரம் என் வாசலில் நிற்க வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

ஜெரால்டு தலையைச் சொறிந்தான். “பெரியம்மா, நோட்டீஸ் அடிச்சாச்சு. முதல் மண்டகப்படி அற்புத வீடுன்னு போட்டாச்சு. துபாய்ல இருந்து லைவ்ல பாக்கானுவ நம்ம பயலுவ. இப்பப் போயி ஆமை கீமைன்னா ஃபாரஸ்ட்காரன் வேற வருவான்.”

சாமி யோசித்தார். கோபத்தைக்கூட ஆண்டவர் கருவியாகப் பயன்படுத்துவார் பாட்டி, நீங்க சாப்பிடாம இருந்ததே மாதாவோட செயலா இருக்கலாமே என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார். அப்படியானால் சலேத்தின் பசி யாருடைய செயல் சாமி என்று கேட்டேன். ஜெபம் பண்ணுங்க பாட்டி என்றார். சின்ன வயசுச் சாமி.

பொய்யென்று நானே சொன்னாலும் வாங்கிக்கொள்ள ஊரில் ஆளில்லை.

செப்டம்பர் 5

அற்புதம் என்னோடு பேசவில்லையே தவிர, காலையில் அவளே பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். சீலா மீன் குழம்பு வைத்து ஒரு தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டாள்.

சலேத்து இன்று கட்டிலில் இருந்தாள். அற்புதத்தைப் பார்த்ததும் கையை நீட்டினாள், நீட்டிவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஐம்பத்துநாலு வருஷமாகப் பிள்ளைகளைத் தொடப் பயந்த கை. அற்புதம் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, சித்தி என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம்.

“சலேத்து, அன்னைக்கு மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்லா, அதத் திருப்பி எடுத்துக்கிடுதேன். அதுல மன்னிக்க ஒண்ணும் கெடையாது. அந்தக் கறிய ஆறட்டும்னு நான் வைக்கல. கழுத்துத் துண்டுன்னு கோவத்துல வீசி வச்சது. நீ திருடல. ஆமைதான் நஞ்சு, ரெண்டு பங்கும் நஞ்சு. நீ என் பங்கத் தொடலன்னாலும் உன் பங்கே போதும். உன் பாலுல ஒரு குத்தமும் இல்ல. கும்பாவக் கழுவிக் கவுத்தது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பால்நஞ்சுக்காரின்னு அவிய சொல்லும்போது, நான் தின்னல, அதான் என் புள்ள இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ ஊர்ல இருந்திருப்ப. சொல்லல.”

சுவரில் பல்லி சத்தம் போட்டது. பக்கத்துக் கட்டில் கிழவி ஜெபமாலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சலேத்து கூரையைப் பார்த்தாள். “அப்ப திருட்டுக் கறியால சாவல” என்றாள்.

“இல்ல.”

“சேவியருக்கு என் மேல கோவம் இருக்காது.”

“இருக்காது.”

அவள் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்பது ஒன்று, கேட்டால் அவள், பாவம், மன்னித்துவிடுவாள் என்பது ஒன்று.

அற்புதம் சோறு பிசைந்து குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். நாலு வாய் தின்றாள். நல்லா இருக்கு என்றாள். ஊருக்கு வா, சப்பரம் பார்க்க என்றேன். அந்த மணல்ல நான் கால் வைக்கமாட்டேன்க்கா என்றாள், சாதாரணமாக.

நாங்கள் கிளம்பும்போது, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அற்புதத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு குழாயடிவரை நடந்தாள். அந்தக் கோணல் விரல்களால் தூக்கைத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் வடியட்டும் என்று சன்னல் திட்டில் கவிழ்த்து வைத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 7

மாத்திரை இரண்டும் போட்டேன்.

சப்பரம் வந்தது. நிற்காதே என்றால் நிற்காமலிருக்குமா, வந்து நின்றது. வாசலில் லைட்டு, பேண்டு, சனம். மாலையை அற்புதம் எடுத்துக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை, நீ போடு என்றேன். போட்டாள். அவள் பெயர் இருக்கட்டும், அது அவளுடையது.

வழக்கமாக இந்த இடத்தில் ஜெரால்டு மைக்கில் அற்புத வரலாறு வாசிப்பான், பிறகு நன்றி ஜெபம். அவன் தாளை விரிப்பதற்குள் நான் இன்னொரு தாளைக் கொடுத்தேன். என் கையெழுத்து, அழகாக, பெரிதாக. கடலோரத் தெருவில் போன பதினேழு பேர். இறந்தோர் ஜெபம் சொல்லு என்றேன். திருவிழாவில் எப்படி பெரியம்மா என்றான். மண்டகப்படி என்னுது, ஜெபமும் என்னுது, வாசி என்றேன். என் அதிகாரம் இன்றைக்காவது ஒன்றுக்கு ஆகட்டும் என்று நினைத்தேன்.

முதல் பெயரிலேயே நிறுத்தினான். “இதுல தகப்பன் பேரு போடாம தாயார் பேரு போட்டிருக்கு, மாத்தி வாசிக்கவா?” என்று மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

“எழுதினபடி வாசி.”

சேவியர், வயது நாற்பது நாள், தாயார் சலேத்தம்மாள் என்று தெரு முழுக்கக் கேட்டது. இந்தத் தெருவில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஐம்பத்துநாலு வருஷம் ஆகிறது. சூசைமரியான் அவன் வாசலில் போட்ட கட்டிலில் இருந்தபடியே, எந்தச் சலேத்து, நம்ம தமியான் பெண்டாட்டியா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவள் இருக்காளா என்றான். இருக்கா என்றேன்.

அப்புறம் வேட்டுப் போட்டார்கள். நான் காதைப் பொத்தவில்லை.